இடுப்பில் 650 கிராம்

அன்புள்ள அண்ணா,

பன்னிரண்டு வருடமாக டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். போன வருடம்தான் பச்சை அட்டை வந்தது. சென்ற மாதம் எங்கள் தெருவில் இரண்டு கார்களின் கண்ணாடியை ராத்திரியில் உடைத்துவிட்டார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அலுவலக நண்பர் ஒருவர் பல வருடமாக இடுப்பில் பிஸ்டல் வைத்திருக்கிறாராம். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்கே தெரியவில்லை. "1991ல் கில்லீனில் நடந்ததைப் படித்துப் பார், அப்புறம் பேசு" என்றார். படித்தேன்.

சிக் சாவர் பி365, க்ளாக் 43எக்ஸ் என்ற இரண்டு பிஸ்டல்களில் எது என்று குழப்பம். மனைவிக்குச் சின்ன ரிவால்வர்தான் சுலபம் என்கிறார் கடைக்காரர். அவளோ, அது வீட்டுக்குள் வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்விடுவேன் என்கிறாள். பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் நான்கு வயதும். எங்களோடு தங்கியிருக்கும் மச்சினன் (எச்-1பி வேலை விசா) மட்டும் என் கட்சி. சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்க்கலாம் என்கிறான். நீங்களும் ஒரு காலத்தில் வைத்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். எதை வாங்கலாம்? வாங்கத்தான் வேண்டுமா?

ர., ஃபிரிஸ்கோ

அன்புள்ள ர.,

முதலில் அந்தச் சனிக்கிழமைத் திட்டத்தை நிறுத்துங்கள். எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். 1998ல் வந்த விதி. அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4க்கும் மாணவர் விசாவுக்கும் இதே கதைதான். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரைமணி நேரம் கையில் பிடிப்பதும் "வைத்திருப்பது" என்பதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு என்பது இந்தச் சட்டத்தின் வேடிக்கை. நம் பையன்கள் ரேஞ்சில் காதுக்கவசம் மாட்டிக்கொண்டு போஸ் கொடுத்து ஃபேஸ்புக்கில் படம் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். பச்சை அட்டை வரிசையில் நிற்பவன் தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே எடுத்து, தானே ஊருக்கும் காட்டுகிறான். நீங்கள் வாங்கி வீட்டில் வைத்தாலும், பெட்டியின் சாவியோ எண்ணோ மச்சினனுக்குத் தெரியக் கூடாது.

சரி, எது வாங்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் பாதி அதுதான். நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். வாங்க வேண்டுமா என்று யோசிப்பதைவிட எதை வாங்கலாம் என்று யோசிப்பது மனதுக்குச் சுகமாக இருக்கும்.

பி365 வந்தது 2018ல். அதற்கு முன் அந்த அளவுள்ள 9 எம்எம் பிஸ்டல் என்றால் மேகசினில், அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக்கூட்டில், ஆறு, ஏழு தோட்டாதான். க்ளாக் 43ல் ஆறு. ஏறக்குறைய அதே உடம்புக்குள் சிக் பத்துத் தோட்டாவை அடக்கிவிட்டது. மற்ற கம்பெனிகள் பின்னாலேயே ஓடிவந்தன. அடுத்த வருடம் வந்த 43எக்ஸிலும் பத்து. நிரப்பினால் இரண்டும் 650 கிராம் பக்கம் வரும். வித்தியாசம் கைப்பிடியில் இருக்கிறது. குழல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கால்சட்டைக்குள் போய்விடும். குனியும்போது சட்டையில் துருத்திக்கொண்டு நிற்பது கைப்பிடிதான். பி365ன் குட்டைக் கைப்பிடி நன்றாக மறையும், ஆனால் என் சுண்டுவிரலுக்கு அதில் இடமில்லை. 43எக்ஸில் கை முழுவதும் உட்காரும், சுடுவதும் சுலபம், கொஞ்சம் துருத்தும். மெல்லிய பருத்திச் சட்டை போடுகிற ஆளென்றால் முதலாவது. சுடுவது சரியாக வர வேண்டும் என்றால் இரண்டாவது. நான் வைத்திருந்தது இரண்டும் இல்லை, பழைய க்ளாக் 19. ஆகஸ்டு மாத டெக்சாஸில் அதை மறைக்க நான் போட்ட சட்டைகளைப் பார்த்து என் மனைவி சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

கடைக்காரர் சொன்ன ரிவால்வர் யோசனையை விட்டுவிடுங்கள். பெண்களுக்கு அதுதான் சுலபம் என்பது துப்பாக்கிக் கடைகளின் பழைய பல்லவி. 400 கிராம் சொச்ச எடையில் ஐந்து தோட்டா பிடிக்கும் .38 ரிவால்வர், புதிதாகச் சுடுகிறவரின் உள்ளங்கையைப் பதம் பார்த்துவிடும். எடை குறையக் குறைய உதைப்பு கூடும். ட்ரிகரை ஒவ்வொரு முறையும் ஐந்து கிலோ போல இழுக்க வேண்டும், அதற்குள் குறி விலகிவிடும். பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுக்க முடியாது என்பதுதான் பிரச்சினை என்றால், அதற்கென்றே ஸ்மித் அண்ட் வெசன் ஈஸி என்று ஒரு வகை செய்கிறது. ஆனால் உங்கள் மனைவி துப்பாக்கியே கேட்கவில்லையே. கேட்காதவருக்கு எதற்குக் கடைக்காரர் அளவெடுக்கிறார்?

துப்பாக்கிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை ஹோல்ஸ்டருக்கு, அதாவது இடுப்பு உறைக்கு, கொடுங்கள். க்ளாக்கில் தனியாகத் தள்ளுகிற பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. ட்ரிகரின் மேலேயே ஒரு சிறு நெம்புகோல், அவ்வளவுதான். விரலுக்கும் சட்டை நுனிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. துப்பாக்கியைத் திரும்ப உறைக்குள் செருகும்போது துணி மாட்டி, சொந்தத் தொடையைச் சுட்டுக்கொண்டவர்கள் இந்த நாட்டில் நிறைய. ட்ரிகரை முழுவதும் மூடுகிற கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை, தடித்த பெல்ட், இரண்டும் இல்லாமல் ஒருநாளும் வெளியே போகாதீர்கள்.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பியவர், சட்டத் தடை எதுவும் இல்லாதவர், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். இருந்தாலும் உரிமம் எடுங்கள். பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் பொது இடத்தில் துப்பாக்கி கூடாது என்று மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. மாநில உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. ஃபிரிஸ்கோ வரைபடத்தில் பள்ளிகளைச் சுற்றி 1000 அடிக்கு வட்டம் போட்டுப் பாருங்கள், பால் வாங்கப் போகும் வழியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். வகுப்பும் எழுத்துத் தேர்வும் ஒரே நாளில் முடிந்துவிடும். அப்புறம் 50 தோட்டா சுட வேண்டும்: 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. 250க்கு 175 மதிப்பெண் போதும். நான் 231 வாங்கிவிட்டு அன்று முழுக்க மிதந்தேன். அசையாத காகிதத்தைச் சுட்டுத்தான் அந்த மிதப்பு.

இனி கில்லீன். உங்கள் நண்பர் சொன்னதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1991 அக்டோபர் 16, லூபிஸ் என்ற உணவகத்துக்குள் ஒருவன் வண்டியை மோதி நுழைத்து 23 பேரைக் கொன்றான். அங்கே அம்மா அப்பாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த சுசன்னா ஹப்பிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. மறைத்து எடுத்துப் போவதை அன்றைய சட்டம் அனுமதிக்காததால் அதைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கைப்பையைத் துழாவிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. பெற்றோர் இருவரும் அங்கேயே இறந்தார்கள். அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லி சுசன்னா ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார். 1995ல் டெக்சாஸ் மறைத்து எடுத்துச் செல்லும் சட்டத்தை நிறைவேற்றியது, அடுத்த வருடம் அவரே மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். 2019 டிசம்பரில் ஃபோர்ட் வொர்த் பக்கம் ஒயிட் செட்டில்மென்ட் தேவாலயத்தில் ஒருவன் சுடத் தொடங்கி இரண்டு பேரைக் கொன்றபோது, சபை உறுப்பினர் ஒருவர் சில நொடிகளில் ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார். அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அவர் துப்பாக்கிப் பயிற்சியாளர், முன்னாளில் ஷெரிஃப் துறையில் துணைக் காவலராக இருந்தவர். மாதத்துக்கு ஒருமுறை ரேஞ்சுக்குப் போகிற நீங்களும் நானும் அவர் இல்லை.

உங்கள் பயம் கில்லீனைப் பற்றியதும் இல்லை. கார் கண்ணாடியிலிருந்து அல்லவா தொடங்கியது? இரவில் நடக்கும் திருட்டைத் தடுக்கவே, சில நிபந்தனைகளோடு, உயிர்போகும் அளவு பலத்தை டெக்சாஸ் சட்டம் அனுமதிக்கிறது. அனுமதிக்கட்டும். இரண்டு மணிக்கு உங்கள் ஹோண்டாவைக் குடைகிற பதினேழு வயதுப் பையனை நீங்கள் சுடுவீர்களா? மாட்டீர்கள் என்றால், துப்பாக்கியோடு வாசலுக்கு ஏன் போக வேண்டும்? கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

நம் நிறத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் கான்சாஸ் ஒலேத்தாவில் இந்தியப் பொறியாளர் ஸ்ரீனிவாஸ் கூச்சிபோட்லா இனவெறியால் சுட்டுக் கொல்லப்பட்டபோது இங்கே பல வீடுகளில் துப்பாக்கிப் பேச்சு வந்தது, என் வீட்டிலும்தான். அவர் வேலை முடிந்து நண்பரோடு ஒரு பாரில் உட்கார்ந்திருந்தார். டெக்சாஸில், பாதிக்கு மேல் வருமானம் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வரும் கடைக்குள் துப்பாக்கி கொண்டு போவதே குற்றம், வாசலில் 51% என்று சிவப்பில் எழுதியிருக்கும். ஆக அந்த மாலையில் உங்கள் பிஸ்டல் காரில்தான் கிடந்திருக்கும். கறுப்பினத்தவரான பிலாண்டோ காஸ்டீலை நினைத்துப் பாருங்கள். 2016 ஜூலையில் மினசோட்டாவில் காவலர் காரை நிறுத்தியபோது, தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவர் முன்கூட்டியே மரியாதையாகச் சொன்னார். உரிமமும் இருந்தது. சில நொடிகளில் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார், பின் இருக்கையில் ஒரு நான்கு வயதுக் குழந்தை. அந்தக் காவலர் அடுத்த வருடம் விடுதலையானார். உங்கள் சாலைப் பயணம் ஒவ்வொன்றிலும், நெடுஞ்சாலையில் பின்னால் விளக்கு சுழலும்போதெல்லாம், இந்தச் சித்திரம் வந்துபோகும். எனக்கு வந்தது.

நான் ஏழு மாதம் தினமும் எடுத்துப் போனேன். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாதது, அது எவ்வளவு சலிப்பான வேலை என்பதுதான். ஒவ்வொரு வாசலிலும் அறிவிப்புப் பலகையைப் படிக்க வேண்டும். பள்ளியா, நீதிமன்றமா, வாக்குச்சாவடியா என்று யோசிக்க வேண்டும். கழிப்பறையில் அதை எங்கே வைப்பது என்று ஒரு தனிக் கலை. மருத்துவமனைக்கு ஓடும்போது காரில் விட்டுப் போக வேண்டும், காரிலிருந்துதான் அது திருடு போகும். விமான நிலையத்துக்குப் போகும் முன் பையை மூன்று தடவை துழாவுவேன். 2023ல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனையில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலும் தோட்டா நிரப்பியவை. பாதிப் பேராவது உண்மையிலேயே மறந்து போனவர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் நண்பர் வீட்டில் புதுமனைப் புகுவிழா. வேட்டியில் ஹோல்ஸ்டர் நிற்காது, அதனால் பேன்ட்டோடு போனேன். "என்னய்யா, ஆபீஸுக்கா வந்தே?" என்றார்கள். பந்தியில் தரையில் உட்காரவும் முடியவில்லை. முழங்காலை மடக்கினால் குழல் தொடையில் குத்துகிறது, சட்டை ஏறினால் கைப்பிடி தெரிகிறது. முதுகுவலி என்று பொய் சொல்லி நின்றுகொண்டே சாப்பிட்டேன். நண்பரின் ஐந்து வயது மகள் வழக்கம்போல ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்து, "மாமா, உள்ளே என்ன கல்லு?" என்று கேட்டாள். இன்சுலின் பம்ப் என்றேன். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அன்று இரவு பெட்டிக்குள் வைத்தது, மூன்று மாதம் கழித்து விற்றுவிட்டேன்.

உங்கள் வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு வால்மார்ட்டில், தாயின் கைப்பையிலிருந்த பிஸ்டலை இரண்டு வயது மகன் எடுத்துச் சுட்டதில் அந்தத் தாய் இறந்தார். உரிமம் வைத்திருந்தவர், துப்பாக்கி பழகியவர். 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி நிரப்பிய துப்பாக்கியை விட்டு வைத்து, அது பிள்ளையிடம் கிடைத்துவிட்டால் டெக்சாஸில் குற்றம். அதைவிட நான் பயப்படுவது வேறொன்று. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். கலிஃபோர்னியாவில் 2.6 கோடிப் பேரை வைத்து நடந்து 2020ல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது மற்ற ஆண்களைவிட எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. வேலை போய், அறுபது நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டிய நிலையில் நம் பையன்கள் உடைந்து உட்கார்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு மாதத்தை என்றாவது தாண்ட வேண்டி வரக்கூடிய ஒருவன் உங்கள் வீட்டிலேயே இருக்கிறான்.

நள்ளிரவில் பெட்ரோல் பங்க்கைப் பூட்டிவிட்டுப் பணப்பையோடு தனியாக நடக்கிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உரிமம் எடுங்கள், மாதம் இருமுறை ரேஞ்சுக்குப் போங்கள், 43எக்ஸ் வாங்குங்கள் என்றிருப்பேன். உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. வாசலில் அசைவுக்கு எரிகிற விளக்கு போடுங்கள், காரை கராஜுக்குள் விடுங்கள். ஃபிரிஸ்கோவில் முக்கால்வாசி கராஜ்கள் காஸ்ட்கோ அட்டைப்பெட்டிகளின் வாசஸ்தலம் என்பது எனக்கும் தெரியும்.

இதற்குப் பிறகும் மனம் அடங்கவில்லை என்றால் ரேஞ்சுக்குப் போங்கள், மனைவியையும் அழைத்துக்கொண்டு, அவரும் பச்சை அட்டைக்காரர் என்றால். பயிற்சியாளரை வைத்து இரண்டையும் வாடகைக்கு எடுத்து ஐம்பது ஐம்பது ரவுண்டு சுடுங்கள். திரும்பி வரும்போது காரில் அவர் என்ன சொல்கிறார் என்று குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதுவரை மச்சினன் வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.