அடுத்த ஆண்டு இறக்கப்போகும் வயதான பிரபலங்கள் யார் யார் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

எத்தனை பேர் என்று கேட்டால் ஓரளவு சொல்லிவிடலாம். யார் யார் என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

கொஞ்ச காலம் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருந்தேன். இன்னார் காலமானால் என்ன போடுவது என்று முன்கூட்டியே எழுதிவைப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. வெளியே சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குச் செய்தி வந்தால், அறுபது ஆண்டு வாழ்க்கையை அரை மணி நேரத்தில் பிழையில்லாமல் எழுத யாராலும் முடியாது. ஆகவே எல்லாப் பெரிய பத்திரிகைகளிலும் இது நடக்கிறது. யாருடையதை முதலில் எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டுமல்லவா? நீங்கள் கேட்ட அதே கேள்விதான்.

முதலில் கணக்கு. வயது ஏற ஏற இறப்பு வாய்ப்பு மெல்லக் கூடுவதில்லை, மடங்கு மடங்காகப் பெருகுகிறது என்பதை 1825இலேயே பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்பவர் காட்டிவிட்டார். நடுவயதுக்கு மேல் ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. வசதியான நாடுகளின் இறப்பு அட்டவணைகளைப் பார்த்தால், 80 வயதுக்காரர்களில் சுமார் இருபதில் ஒருவர் அடுத்த பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. 90 வயதில் ஆறேழு பேரில் ஒருவர். 100 வயதில் மூன்றில் ஒருவர். பெண்களுக்கு எல்லா வயதிலும் கொஞ்சம் சாதகம்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 90 வயதுப் பிரபலம் ஒருவரைச் சுட்டிக்காட்டி "அடுத்த வருஷம் இவர்தான்" என்று நீங்கள் சொன்னால், தவறிப்போக 85 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. தொண்ணூறைத் தொட்டவரும் அடுத்த ஆண்டைத் தாண்டிவிடுவார் என்று சொல்வதே பாதுகாப்பான கணிப்பு. ஆனால் அதே வயதில் இருபது பேரை எழுதிவைத்தால், அதில் ஒருவராவது இறக்க 96 சதவீதம் வாய்ப்பு. சராசரியாக மூன்று பேர் போவார்கள். டிசம்பரில் கணிப்பு வெளியிட்டு அடுத்த டிசம்பரில் "சொன்னேன் பார்த்தீர்களா" என்று மார்தட்டும் ஜோதிடர்களின் ரகசியம் இவ்வளவுதான். பலிக்காத பதினேழு பெயர்களை யாரும் கேட்பதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றுகூடச் சொல்ல முடியாது. மரம் முழுக்கக் காக்கைகளை உட்காரவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

சரி, வயதை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார்த்தால்? அங்கேதான் கால் வழுக்குகிறது.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில், மருத்துவமனைச் சிகிச்சை போதும் என்று வீட்டிலேயே ஹாஸ்பிஸ் கவனிப்புக்கு, அதாவது கடைசிக் காலத்தை வலியில்லாமல் கழிக்க உதவும் கவனிப்புக்கு, போனார். வயது 98. உலகம் முழுக்க இரங்கல் கட்டுரைகளைத் தூசி தட்டினார்கள். அந்த நவம்பரில் மனைவி ரோசலின் போய்ச் சேர்ந்தார். நீண்ட மணவாழ்வுக்குப் பின் துணை போனால் மற்றவருக்கும் ஆபத்து கூடும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த விஷயம். ஜார்ஜ் புஷ் சீனியர் 2018இல் மனைவி பார்பரா இறந்த ஏழு மாதத்தில் போனார். கார்ட்டரோ அசரவில்லை. நூறாவது பிறந்தநாளைக் கொண்டாடி, 2024 டிசம்பர் 29 அன்றுதான் கண்ணை மூடினார்.

எதிர்ப்பக்கம் எலிசபெத் ராணி. 2022 செப்டம்பர் 6 அன்று புதிய பிரதமர் லிஸ் டிரஸ்ஸுக்குக் கைகொடுத்து, சிரித்தபடி நின்ற படம் வெளிவந்தது. செப்டம்பர் 8 அன்று அவர் இல்லை. நடமாட்டம், சிரிப்பு, கேமராவுக்கு முன் நிற்கும் தெம்பு எதையும் நம்புவதற்கில்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

உண்மையில் ஏதாவது ஒரு செய்தி என்னைப் பரபரப்பாக்கும் என்றால் அது புற்றுநோயோ இதயநோயோ அல்ல, "வீட்டில் தவறி விழுந்தார், இடுப்பெலும்பு முறிவு" என்ற இரண்டு வரிதான். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஓராண்டுக்குள் இறக்கிறார்கள். படுக்கையில் கிடந்தால் நுரையீரல் தொற்று, ரத்தக்கட்டு, தசை இழப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அப்படியும் ஐந்தில் நான்கு பங்கு நெருங்கப் பிழைக்கிறார்களே!

ஒருவருடைய மரணத்தை நம்பிப் பணம் போட்டவர் கதை ஒன்று உண்டு. பிரான்சில், ஒரு முதியவருக்குச் சாகும்வரை மாதாமாதம் பணம் கொடுத்துவந்தால் அவர் வீடு நமக்கு வரும் என்ற ஒப்பந்த முறை இருக்கிறது. 1965இல் ஆந்த்ரே ரஃப்ரே என்ற 47 வயதுச் சட்ட அதிகாரி, 90 வயது ஜான் கால்மோன் அம்மையாருடன் மாதம் 2,500 ஃபிராங்குக்கு அப்படி ஒப்பந்தம் போட்டார். அட்டவணைப்படி பார்த்தால் அருமையான பேரம். 1995இல், 77 வயதில், வீட்டின் விலையைப்போல் இரு மடங்குக்கு மேல் கொடுத்துமுடித்து ரஃப்ரே இறந்தார். அந்த அம்மா இருந்தார். ரஃப்ரேயின் மனைவி தொடர்ந்து பணம் கட்ட வேண்டியதாயிற்று. கால்மோன் 1997இல், 122 வயதில் இறந்தார். பதிவான மனித ஆயுளில் இன்றுவரை அதுதான் உச்சம்.

எங்கள் தொழிலிலும் அப்படி நடக்கும். 2011இல் நடிகை எலிசபெத் டெய்லர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட இரங்கல் கட்டுரையை எழுதியவர் மெல் குஸ்ஸோ. அவர் 2005லேயே இறந்துவிட்டார்!

இன்னொன்று. நம்மை உலுக்கும் மரணங்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியல்களில் இருப்பதே இல்லை. 2016இல் மேலைநாட்டுப் பாடகர்கள் டேவிட் போவி 69 வயதில், பிரின்ஸ் 57இல், ஜார்ஜ் மைக்கேல் 53இல் போனார்கள். நமக்கு எஸ்.பி.பி. 74இல், விவேக் 59இல். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் அந்த ஆண்டு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் தொலைக்காட்சியும் ஒலிநாடாவும் உருவாக்கிய பிரபலங்கள் ஐம்பதிலிருந்து எழுபத்தைந்துக்குள் குவிந்துகிடக்கிறார்கள். கூட்டம் பெரிது என்பதால் யாராவது சிலர் இறக்கத்தான் செய்வார்கள். அது யார் என்று எந்த அட்டவணையும் காட்டாது.

இதை வைத்துப் பந்தயம் கட்டுவதும் பழைய பழக்கம். ஒரு போப் எத்தனை நாள் பதவியில் இருப்பார் என்று சூதாடியவர்களைச் சபையிலிருந்தே விலக்குவேன் என்று 1591இல் பதினான்காம் கிரகோரி ஆணையிட்டார். தனக்குச் சம்பந்தமில்லாதவர் உயிரின் மேல் காப்பீடு எடுத்து லாபம் பார்த்தவர்களை நிறுத்த 1774இல் பிரிட்டன் சட்டமே கொண்டுவந்தது. யார் இறப்பார் என்று பெயர் எழுதிவைத்து ஆடும் இன்றைய ஆட்டங்கள் பலவற்றில், இறந்தவர் வயதை நூறிலிருந்து கழித்து மதிப்பெண் தருகிறார்கள். அதாவது சின்ன வயதில் செத்தால் உங்களுக்கு அதிகப் புள்ளி. கணிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; இந்த மதிப்பெண் முறைதான் குமட்டுகிறது.

"உங்கள் பட்டியலில் இருக்கும் பெயர்களைச் சொல்லுங்கள்" என்று கேட்பீர்கள். மாட்டேன். 1979 மார்ச்சில், ஜெயப்பிரகாஷ் நாராயண் மருத்துவமனையில் உயிரோடு இருக்கும்போதே அவர் இறந்துவிட்டதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். அவர் அக்டோபர்வரை இருந்தார். 1998இல் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்புக்குத் தயாராக வைத்திருந்த குறிப்பு தவறுதலாக இணையத்தில் ஏறி, அமெரிக்கக் கீழவையில் இரங்கலே சொல்லிவிட்டார்கள். அவர் அப்போது வீட்டில் இருந்தார். இன்னும் ஐந்து ஆண்டு இருந்து, நூறு வயது கண்டார். பூட்டிவைக்கிற பட்டியலே இப்படி வெளியே ஓடினால், நான் இங்கே எழுதுவது எந்த வாட்ஸ்அப் குழுவில் எந்தப் படத்தோடு ஒட்டி வரும் என்று சொல்ல முடியாது.

வேண்டுமானால் நீங்களே எழுதிப் பாருங்கள். 95ஐத் தாண்டியவர்களாகப் பார்த்துப் பத்துப் பெயர் போதும். செய்திப் பிரிவில் இருந்த என் கணிப்பைவிட மோசமாக வராது.