எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நம் வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிட்டுச் சமாளிக்க முடியுமா?

முடியும், தாராளமாக முடியும். நான் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டவள். வீடு திருச்சியில், வேலை பள்ளியில், சமையல் பெரும்பாலும் மாமியார் கையில். டயட் சார்ட்டில் உள்ள பாதிப் பொருள் உங்கள் ஊரில் கிடைக்காது, மாமியார் வேறு "சோறில்லாமல் எப்படி" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் பேசாமல் கடந்துபோக மனம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்தது.

"நடந்து குறைக்க முடியாதா, கத்தி வைத்துத்தான் குறைக்கணுமா" என்று கேட்பவர்கள் இங்கேயும் வருவார்கள். எனக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 42 இருந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் இரவு முழுக்க முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு படுத்தேன். நடைப்பயிற்சி, பேலியோ எல்லாம் பார்த்தாயிற்று. குறைந்த எடை வட்டியோடு திரும்பி வந்தது. எல்லோரும் அறுவை செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. நான் மருத்துவரும் இல்லை. என் உடம்பில் நடந்ததையும் எங்கள் டயட்டீஷியன் சொன்னதையும்தான் எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைக்காய் அளவுக் குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் முதல் சில மாதம் பசியே தெரியாது. பசிக்கவில்லையே என்று விட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்துவிடும். அதனால் பசிக்கிறதோ இல்லையோ, மணி பார்த்துச் சாப்பிட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். மருந்து அளக்கும் 30 மில்லி கப் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். அதை மடக்கென்று குடிக்கக் கூடாது, கால் மணி நேரம் வைத்துச் சப்பிச் சப்பிக் குடிக்க வேண்டும். தெளிந்த பருப்புத் தண்ணி, மிளகாய் போடாமல் வடிகட்டிய ரசம், நீர்மோர், எலும்பு சூப், அப்புறம் பாலில் கலந்த புரோட்டீன் பவுடர். மூன்றாவது வாரத்திலிருந்து மிக்ஸியில் அரைத்தது. ஐந்தாவது வாரத்திலிருந்து குழைய வெந்தது. இரண்டு மாதம் ஆகும்போது கிட்டத்தட்ட வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும் அதே சாப்பாடு. இது எங்கள் மருத்துவமனைக் கணக்கு, உங்களுக்கு ஒரு வாரம் முன்னே பின்னே சொல்லலாம்.

அரைத்துச் சாப்பிடும் கட்டத்தில் என்னைக் காப்பாற்றியது அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) செய்த முட்டைப் பருப்புதான். பாசிப்பருப்பை மஞ்சள், சீரகம், பெருங்காயம் போட்டுக் குழைய வேகவைத்துக் கடைவார். கொதிக்கும்போதே இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றி, நன்றாக வெந்ததும் ஆறவிட்டு மிக்ஸியில் ஒரு சுற்று. குழந்தைக் கரண்டியால் சாப்பிட வேண்டும். நான்கைந்து கரண்டியிலேயே வயிறு நிறைந்துவிடும். மீதியை இரண்டு மணி நேரம் கழித்துச் சூடு பண்ணிச் சாப்பிடுவேன்.

சோறு விஷயத்துக்கு வருகிறேன். குழைந்த உணவுக்கு மாறியிருந்த சமயத்தில் ஆடிப்பெருக்கு வந்தது. திருச்சிக்காரர்களுக்கு அது என்ன நாள் என்று தெரியும். காவிரிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், புளி சாதம் என்று வரிசையாக இலையில் வைத்தார்கள். "நல்ல நாளும் அதுவுமா ஒரு வாய் சாப்பிடும்மா, ஒரு வாய்தானே" என்று அத்தை கையில் எடுத்துக் கொடுத்தார். கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை, பாசத்தில் கொடுத்ததுதான். உதிரி உதிரியான தேங்காய் சாதம் நெஞ்சுக்கு நடுவே போய் அப்படியே நின்றுவிட்டது. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊற ஆரம்பித்தது, மூக்கு ஒழுகியது, உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அரை மணி நேரம் கூடத்தில் நடந்தேன். கடைசியில் நுரையோடு வெளியே வந்தது. அத்தை முதுகைத் தடவிக்கொண்டே அழுதுவிட்டார்.

அன்றைக்குப் பிறகு என் தட்டுக்குக் காவல் அவர்தான். யாராவது விருந்தாளி "என்ன இது, கோழி கொறிக்கிற மாதிரி" என்று ஆரம்பித்தால் நான் வாயைத் திறக்கவே தேவையில்லை, "அவளுக்கு வயித்துல ஆபரேஷன், அளவாத்தான் சாப்பிடணும்" என்று அத்தை முடித்துவிடுவார். உங்கள் மாமியாரையும் அடுத்த முறை டயட்டீஷியனைப் பார்க்கும்போது கூடவே கூட்டிப்போங்கள். நாம் நூறு தடவை சொன்னாலும் ஏறாதது, வெள்ளைக் கோட்டு போட்டவர் ஒரு தடவை சொன்னால் ஏறிவிடும்.

இப்போது சோறு சாப்பிடுகிறேனா என்றால், சாப்பிடுகிறேன், கடைசியில். தட்டில் முதலில் முட்டையோ மீனோ கோழியோ, அடுத்து காய், அதற்கு மேல் இடமிருந்தால் இரண்டு கரண்டி குழைந்த சாதம். எனக்குச் சொன்ன கணக்கு ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் ஆறேழு, நூறு கிராம் மீனில் 20 கிராம் போல, 50 கிராம் பன்னீரில் ஒன்பது. ஒரு இட்லியில் இரண்டு கிராம்தான். நான்கு இட்லி சாப்பிட முடிந்தவருக்கு அது பரவாயில்லை, ஒரு இட்லியிலேயே வயிறு நிறைகிறவருக்கு அது இடத்தை அடைத்துக்கொள்வதோடு சரி. அதனால் காலையில் எனக்கு அரை இட்லியும் ஒரு முட்டையும். மாலையில் வேகவைத்த சுண்டல் ஒரு சின்னக் கிண்ணம். மத்திக்கும் சங்கராவுக்கும் முன்னால் வெளிநாட்டு சால்மன் எதற்கு? சார்ட்டில் போட்டவர்கள் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு நடை வந்து பார்க்கலாம்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி முன்பும் பின்பும் தண்ணீர் பாட்டிலைத் தொடாதீர்கள், மற்ற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஒன்றரை லிட்டராவது சேருங்கள். சோடா, கூல்டிரிங்க்ஸ் வேண்டாம்.

ஒரு வாயைக் கூழாகும்வரை மெல்ல வேண்டும், ஒரு சின்னக் கிண்ணம் காலியாக அரை மணி ஆகும். இங்கே என் மனக்குறை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளி ஆசிரியர்களுக்கு மதிய இடைவேளை என்பது காகிதத்தில்தான் இருக்கிறது. மணி அடித்ததும் செயலியில் இதை ஏற்று, அந்தப் புள்ளிவிவரத்தை உடனே அனுப்பு, சர்வர் வேலை செய்யவில்லை, மறுபடி ஏற்று. பாடம் நடத்துவதைவிடப் பதிவேற்றுவதுதான் பெரிய வேலையாகிவிட்டது. பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நேரத்தை போனோடு கழிக்கிறோம், சாப்பிட வேண்டிய நேரத்தையும்தான். எனக்கு மட்டுமில்லை, எங்கள் ஓய்வறையில் சர்க்கரை, அல்சர் என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள், எல்லாரும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். நான் தலைமை ஆசிரியரிடம் மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்து, அந்த அரை மணி எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் திரும்பிப் போகும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். மல்டிவைட்டமின், பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் வாழ்நாள் முழுக்க. கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், நமக்கு அது குறைவு. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், காபி டீயோடு இரும்பு மாத்திரை கூடாது. மூன்றாவது மாதத்துக்கு மேல் முடி கொட்டும். வாரும்போது சீப்பு நிறைய வந்தது, பயமாகத்தான் இருந்தது. புரதத்தையும் இரும்பையும் விடாமல் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும், எனக்கு முளைத்தது.

வாந்தி ஓரிரு நாளுக்கு மேல் நிற்காமல் இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தொடர்ந்து வாந்தி எடுத்தால் உடம்பில் பி1 வைட்டமின் சீக்கிரம் தீர்ந்து நரம்பையே பாதிக்கும். ஓமத் தண்ணி, சுக்குத் தண்ணி என்று நாளைக் கடத்த வேண்டாம்.

ஒரு வருடம் தாண்டியதும் வேறு சிக்கல் வரும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கோழித்துண்டு கஷ்டப்பட்டு இறங்கும், நாலு வாயில் போதும் என்றாகிவிடும். முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கும், வயிறு தடுக்கவே தடுக்காது. ஏறும் எடை பெரும்பாலும் இந்த வழியில்தான் ஏறுகிறது. எங்கள் வீட்டில் தீபாவளிப் பலகாரத்தை என் கண்ணில் படாத மேல் பரணில் வைக்கிறார்கள், நானே கேட்டுக்கொண்டதுதான்.

நீங்கள் செய்துகொள்ளப் போவது பைபாஸ், அதாவது இரைப்பையைச் சின்னதாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் அறுவை என்றால் இனிப்பில் இன்னும் கவனம் வேண்டும். என் சித்தி மகனுக்கு பைபாஸ். ஒரு கல்யாணப் பந்தியில் அரை டம்ளர் பாயசம் குடித்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடத்து, சட்டை நனைய வியர்த்து, மண்டபத்து அறையில் படுக்க வைக்க வேண்டியதாகிவிட்டது. சர்க்கரை குடலுக்குள் வேகமாக இறங்குவதால் வருவது அது. ஸ்லீவ் செய்தவர்களுக்கும் சிலருக்கு வரும்.

நீங்கள் சைவமா அசைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால் சொல்லுங்கள், என்னோடு வேலை பார்க்கும் தோழியும் ஸ்லீவ் செய்துகொண்டவர்தான், சுத்த சைவம். பன்னீர், சோயா, கெட்டித்தயிர் வைத்து அவர் 60 கிராமை எப்படி எட்டுகிறார் என்று கேட்டு எழுதுகிறேன்.