எந்த ஸ்னோமொபைல் வாங்கலாம்? கேள்வி பதில்

கனடாவில், ஒன்ராறியோவின் சட்பரிப் பக்கம் இது எனக்குப் பதினைந்தாவது குளிர்காலம். ஸ்கீ-டூ, போலாரிஸ், ஆர்க்டிக் கேட், யமஹா ஆகிய நான்கு கம்பனிகளின் ஸ்னோமொபைலையும் (பனிமேல் ஓடும் வண்டி) ஓட்டியிருக்கிறேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கையாளுதல், எடை, நம்பகம் பற்றியவை. ஒவ்வொன்றாக வருகிறேன்.

கேள்வி (பிராம்டன்): அண்ணா, இது என் முதல் வண்டி. ஸ்கீ-டூவா, போலாரிஸா?

நீங்கள் ஓட்டப்போகும் ஊருக்குப் பக்கத்தில் எந்த டீலர் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். ஒன்ராறியோவில் நல்ல பனி இருப்பது பத்து, பன்னிரண்டு வாரம்தான். ஒரு பாகத்துக்கு இரண்டு வாரம் காத்திருந்தால் அந்த வருடத்தில் பெரிய துண்டு போய்விடும். இரண்டு கம்பனியுமே நல்ல வண்டி செய்கின்றன. முதல் வண்டிக்கு 850 சிசி எஞ்சின் வேண்டாம், 600 சிசி வகுப்பே தாராளம். இங்கே டிரெயிலில் (ஸ்னோமொபைல் ஓடும் பனித் தடத்தில்) சட்டப்படி மணிக்கு 50 கி.மீ. தான்.

கேள்வி (ஒட்டாவா): இரண்டு கம்பனி வண்டிகளின் எடையும் கம்பனி விவரத் தாளில் ஏறக்குறைய ஒன்றுதான். ஓட்டிப் பார்த்தால் ஒன்று பாரமாக இருக்கிறது. ஏன்?

மிக நல்ல கேள்வி. தாளில் போடுவது உலர் எடை. பெட்ரோல், ஆயில், கூலன்ட் எதுவும் அதில் சேராது. 40 லீட்டர் பெட்ரோல் மட்டுமே சுமார் 30 கிலோ. ஒரு மணி நேரம் ஓடியபின் சஸ்பென்ஷனிலும் அடிப்பக்கத்திலும் ஒட்டி உறையும் பனி தனிக் கணக்கு. அதனால் தாளில் இருக்கும் மூன்று, நான்கு கிலோ வித்தியாசத்துக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கைக்குத் தெரிவது எடை எங்கே இருக்கிறது என்பதுதான். முன்பெல்லாம் ஓட்டுபவர் பின்னால் தள்ளி, காலை நீட்டி உட்காருவார். ஸ்கீ-டூ 2003இல் கொண்டுவந்த ரெவ் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) அவரை முன்னுக்கு, வண்டியின் நடுவை ஒட்டிக் கொண்டுவந்தது. வளைவில் திருப்பும் சுகமே மாறிவிட்டது. மற்றக் கம்பனிகளும் பின்னர் அந்த வழிக்கே வந்தன. போலாரிஸ் வேறொரு பக்கத்தில் கிலோவைக் குறைத்தது: பல மாடல்களில் செயின்கேஸை (எஞ்சின் பலத்தைச் செயினால் கடத்தும் பெட்டி) எடுத்துவிட்டு பெல்ட் டிரைவ் வைத்தது. சுழலும் பாகத்தில் குறையும் எடை த்ராட்டிலைத் தொட்டவுடனே தெரியும்.

இன்னொன்று, டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பது பிராண்டைவிடப் பெரிய வித்தியாசம். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி 25 கிலோவோ அதற்கு மேலோ கூட இருக்கும், அதில் பெரும்பகுதி முன்னால் இருக்கும் ஸ்கீக்கு (சறுக்குப் பலகை) மேலே உட்காரும். நேர் டிரெயிலில் அது ஆடாமல் போக உதவும். நாள் முழுக்க வளைவுகளில் திருப்பினால் தோள் சொல்லும். நீங்கள் ஓட்டிய ‘பாரமான’ வண்டி அதுதானா என்று பாருங்கள். கடையில் ஸ்கீ வளையத்தைப் பிடித்து முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

கேள்வி (நோர்த் பே): என் வண்டி நேராகப் போகாமல் மற்ற வண்டிகளின் தடத்துக்குள் இழுத்துக்கொண்டே போகிறது. பிராண்டை மாற்றலாமா?

வேண்டாம். ஸ்கீக்கு அடியில் இருக்கும் கார்பைட் ஓடுபட்டி (கடினமான உலோக விளிம்பு) பழைய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. இது எல்லாக் கம்பனி வண்டிக்கும் வரும். தேய்ந்த கார்பைடை மாற்றுங்கள். இரட்டைப் பட்டி கார்பைட் போட்டால் இன்னும் நல்லது. இரண்டு ஸ்கீயும் முன்னால் மிகச் சிறிதளவு வெளிநோக்கி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். கையேட்டில் அளவு இருக்கும்.

கேள்வி (எட்மன்டன்): பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் மலைக்குப் போக என்ன வாங்கலாம்?

அங்கே எல்லாமே வேறு. டிராக் (அடியில் சுழலும் ரப்பர் பட்டை) 154 அல்லது 165 அங்குலம், அதன் பல் மூன்று அங்குலம் வரை. சரிவில் வண்டியைச் சாய்த்துப் பிடித்துக் குறுக்கே ஓட்டத் தெரிய வேண்டும். ஸ்கீ-டூவின் மலை மாடலான சமிட்டின் பின் சஸ்பென்ஷன் பக்கவாட்டில் சற்று வளைந்து கொடுக்கும், அதனால் சாய்ப்பது சுலபம். ஆர்க்டிக் கேட்டின் ‘ஆல்ஃபா ஒன்’ மாடலின் பின் சஸ்பென்ஷன் ஒற்றைத் தண்டில் நிற்பதால் இன்னும் எளிதாகச் சாயும். போலாரிஸின் மலை மாடலான ஆர்.எம்.கே. கை சொன்னதை உடனே செய்யும்; அனுபவம் உள்ளவருக்கு எனக்குப் பிடித்தது அதுதான்.

1,000 மீட்டர் ஏறினால் சாதாரண எஞ்சினின் பலத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறையும். அதற்காகத்தான் ஸ்கீ-டூ 2020 மாடலிலும் போலாரிஸ் 2022 மாடலிலும் டூ ஸ்ட்ரோக்குக்கு டர்போ வைத்தன. ஆனால் தம்பி, டர்போவுக்குப் போடும் காசுக்கு முன்னால் பனிச்சரிவுப் பயிற்சி, டிரான்சீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ரேடியோ கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் கோல்), மண்வெட்டி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி (மிசிசாகா): யமஹா இந்தத் தொழிலையே விட்டுவிட்டதாமே. பழைய யமஹா வாங்கலாமா?

ஆமாம். 2023இல் அறிவித்தார்கள், வட அமெரிக்காவுக்கு 2025 மாடலே கடைசி. அவர்களின் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சைட்வைண்டர் போன்றவற்றில் எஞ்சின் யமஹாவுடையது, சேசிஸ் ஆர்க்டிக் கேட்டுடையது. இரண்டு பக்கப் பாகமும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி (வின்னிபெக்): அப்போ ஆர்க்டிக் கேட்?

2024 டிசம்பரில் அப்போதைய உரிமையாளரான டெக்ஸ்ட்ரான் உற்பத்தியை நிறுத்தப்போவதாகச் சொன்னபோது நிறையப் பேர் மனம் உடைந்தோம். 2025இல் புது உரிமையாளர்கள் வாங்கியிருக்கிறார்கள். போலாரிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்கர் ஹெட்டீனே 1960இல் பிரிந்து போய்த் தொடங்கிய கம்பனி அது. கேட்டலிஸ்ட் சேசிஸ் இலேசானது, திருப்ப அருமையானது. டீலர் உறுதியாக இருந்தால் வாங்கலாம்.

கேள்வி (பாரி): சிம்கோ ஏரியில் ஓட்டும்போது எஞ்சின் சூடாகிறது. எஞ்சின் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. டிராக் வாரி எறியும் பனிதான் டனலுக்குள் (டிராக்குக்கு மேலிருக்கும் கூடு) இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை, அதாவது கூலன்டைக் குளிர்விக்கும் பாகத்தை, குளிரவைக்கிறது. வெறும் ஐஸில் வார ஒன்றுமில்லை. ஐஸைச் சுரண்டிப் பொடியாக்கும் ஐஸ் ஸ்க்ராட்சர் மாட்டுங்கள், முன்னோக்கிப் போகும்போது இறக்கிவிடுங்கள்.

கேள்வி (ஒஸ்லோ): இங்கே வாங்கினால்?

வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். நோர்வேயில் பொழுதுபோக்குக்காக வெளியிடங்களில் ஓட்டுவது 1977 சட்டப்படி பொதுவாகத் தடை. சில ஊராட்சிகள் திறந்திருக்கும் தடங்களில் மட்டும் ஓட்டலாம்.

கேள்வி (தண்டர் பே): உண்மையைச் சொல்லுங்கள், எது அதிகம் பழுதாகும்?

கவனிக்காத வண்டி. நான் ஒருமுறை வசந்தத்தில் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றாமல், எஞ்சினுக்குள் துருவைத் தடுக்கும் ஃபாகிங் ஆயில் அடிக்காமல் நிறுத்திவிட்டேன். அடுத்த ஜனவரியில், சாலையிலிருந்து 40 கி.மீ. உள்ளே, எஞ்சினுக்குள் இருக்கும் கிராங்க் பேரிங் போனது. ஈரம் பிடித்துத் துரு ஏறியிருந்தது. நண்பர் இழுத்து வந்து சேர்த்தபோது இரவு பதினொன்று. அந்த வண்டி எந்தக் கம்பனி என்பது முக்கியமே இல்லை. அதன் பிறகு எப்போதும் ஒரு மாற்று டிரைவ் பெல்ட், ஸ்பார்க் ப்ளக், இழுகயிறு இல்லாமல் நான் கிளம்புவதில்லை. பெல்ட்டை வீட்டுக் கராஜிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகுங்கள். மைனஸ் 25இல் கையுறையைக் கழற்றிவிட்டு முதல்முறை படிக்க முடியாது.