தேனீக்கள் தேடி வரும்படி ஒரு காட்டுப் பூச்செடி வளர்க்க ஆசை. எதை, எப்படி வளர்க்கலாம்?

தும்பையை வளருங்கள். களை என்று பிடுங்கி எறிகிறோமே, அதே தும்பைதான். துளசிக் குடும்பத்துச் செடி. ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை விட்டுக் காய்ந்துவிடும்.

வழியோரத்தில் பூத்து நிற்பதை வேரோடு பெயர்த்து வராதீர்கள். நான் அப்படிக் கொண்டுவந்து வைத்த செடி இரண்டே நாளில் தலை தொங்கிவிட்டது. விதைதான் சரி. காய்ந்த தும்பையில் கணுவுக்குக் கணு உருண்டையாகக் கொத்துகள் இருக்கும். ஒன்றை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினால் பழுப்பு நிறத்தில் பொடி விதைகள் கொட்டும். ஒரு பூவுக்கு அதிகபட்சம் 4 விதை.

நல்ல வெயில் படும் இடத்தில் மணல் கலந்த மண்ணில் தூவி, மேலே லேசாக மண் போட்டால் போதும். முளைக்கும்வரை ஈரம் காயக்கூடாது, அப்புறம் தண்ணீர் தேங்கக்கூடாது. உரம் வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஆசையாக மண்புழு உரத்தை அள்ளிப் போட்டேன்; இலையும் தண்டுமாக நெடுநெடுவென வளர்ந்தது, பூவைத்தான் காணோம்.

ஒற்றைச் செடி போதாது. பத்துப் பதினைந்தாவது நெருக்கமாக நின்றால்தான் தேனீ நின்று மேயும். பூத்ததும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கீழிதழ் அகலமாக வெளியே நீண்டிருக்கும்; தேனீ வந்து இறங்குவது அதில்தான். மேலிதழ் வெண்பஞ்சு ஒட்டிய குட்டிக் குல்லா மாதிரி. மகரந்தப் பைகள் அதற்குள்ளே இருக்கும். தேனுக்காகத் தலையை நுழைக்கிற தேனீ, உச்சியில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். எனக்கு அலுக்காத காட்சி இது.

பொந்துத் தேனீ மட்டுமல்ல, வயிற்றில் நீலப் பட்டை போட்ட தனித்தேனீயும் வரும். ஓர் இடத்தில் நிற்காது, ரீங்காரம் கேட்டுத் திரும்புவதற்குள் அடுத்த பூவில் இருக்கும். அது கூட்டமாக வாழாது, மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். அதனால் செடிக்கு அருகே கொஞ்சம் வெறும் தரையைக் கொத்தாமல் விட்டுவையுங்கள். பூச்சிமருந்து எதுவும் தெளிக்காதீர்கள். பூக்கிற நேரத்தில் வேப்பெண்ணெய்கூட வேண்டாம்.

செடி காய்ந்ததும் பார்க்க நன்றாக இருக்காது. உடனே பிடுங்கிவிடாதீர்கள், விதை அங்கேயே உதிரட்டும். அடுத்த மழைக்கு அந்த இடத்தில் களை எடுக்கும்முன் கொஞ்சம் வளரவிட்டு, தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டையாகத் தட்டுப்பட்டு, இலைகள் எதிரெதிராக நீண்டு குறுகலாக இருந்தால் பெரும்பாலும் தும்பைதான். அதை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்குங்கள்.