நாற்காலியா, பற்பசையா? பல் நோய்த் தடுப்புக்கான பொதுப்பணம்: கேள்வி பதில்

அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டார வாசகர்களும், வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பல்வலிக்கு மாத்திரை கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயைப் பார்க்காமல் மருந்து சொல்வது என் வழக்கம் இல்லை. பல் கெடாமல் காக்கப் பொதுப்பணம் எங்கே இருக்கிறது, அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதே இங்கு பேச்சு.

கோட்டையூர் வாசகர்: பல்லுக்கென்று அரசில் தனித் திட்டம் உண்டா அம்மா? நான் கேள்விப்பட்டதே இல்லை.

உண்டு. தேசிய வாய்நலத் திட்டம் 2014-15இல் தொடங்கியது. மாவட்ட மருத்துவமனையிலும் அதற்குக் கீழே உள்ள நிலையங்களிலும் பல் பிரிவு அமைக்கவும், ஆள் போடவும், பொருள் வாங்கவும் அதில் வழி இருக்கிறது. பணம் தேசிய சுகாதார இயக்கத்தின் வழியாக வருகிறது. தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. ஆனால் கேட்காத இடத்துக்குப் பணம் வராது. மாவட்டம் தன் திட்ட அறிக்கையில் எழுதவில்லை என்றால் மாநில அறிக்கையிலும் அது இருக்காது.

குழந்தைகளுக்கு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் (தேசிய குழந்தைகள் நலத் திட்டம்) இருக்கிறது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய நோய்களின் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. குறை எங்கே என்றால், சொத்தை என்று சீட்டு எழுதிக் கொடுப்பதோடு வேலை நின்றுவிடுகிறது. அந்தச் சீட்டு பையிலேயே கிடந்து கசங்கிப் போகிறது. உங்கள் பள்ளியில் போன ஆண்டு எத்தனை பிள்ளைகளுக்குச் சீட்டு கொடுத்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பல் அடைத்தார்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள்.

கண்டனூர் வாசகர்: பல் விஷயத்துக்கு உள்ளாட்சிப் பணத்தைச் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்குமா?

தாராளமாகக் கொடுக்கும். அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களில் சுகாதாரமும் ஒன்று. 15ஆவது நிதி ஆணையம் 2021-26க்குக் கிராம உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது. மீதி 40 விழுக்காடு உள்ளூர்த் தேவைக்கு என்று விடப்பட்டது. சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் அதைத் தொடக்கூடாது என்றார்கள். இது தவிர, உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு என்றே 70,051 கோடி ரூபாயை அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அந்தப் பணம் துணை சுகாதார நிலையக் கட்டடம், பரிசோதனை வசதி போன்றவற்றுக்கு உரியது. அதில் பற்பசை வாங்க முடியாது என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். சிவகங்கை மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தலைவர் இல்லாத காலத்தில் மனு தனி அலுவலருக்குப் போக வேண்டும். எங்கே கொடுத்தாலும் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

காரைக்குடி, மூத்த குடிமகன்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பல் செட் கட்டலாமா?

முடியாது. அந்தக் காப்பீடு பெரிய சிகிச்சைகளுக்காக அமைந்தது. வாய்ப்புற்று அறுவைக்கு உதவும். பல் அடைப்பதற்கும் பல் செட்டுக்கும் உதவாது. புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். அங்கே போய் விசாரியுங்கள் ஐயா.

கானாடுகாத்தான், இப்போது சிங்கப்பூர்: எங்கள் அப்பச்சிக்கு வரும் தை மாதம் எண்பது நிறைகிறது. சாந்தியை ஒட்டி ஊர்ப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பல் சிகிச்சை நாற்காலி வழங்க விரும்புகிறோம். எந்த வகை வாங்கலாம்?

தம்பி, உங்கள் எண்ணம் உயர்ந்தது. ஆனாலும் நாற்காலி வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பல் நாற்காலி தனியாக நின்று வேலை செய்யாது. காற்றழுத்தம் கொடுக்கக் கம்ப்ரஸர் வேண்டும். அதன் அடியில் சேரும் தண்ணீரை மாலைதோறும் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். விட்டால் துருநீர் குழாய் வழியே ஏறி, பல் குடையும் கருவியின் தாங்கிகளைத் தின்றுவிடும். அந்தக் கருவியை ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கிருமிநீக்கியில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். அதற்கு மின்சாரம் நிற்காமல் வர வேண்டும். கையுறை, மரப்பு ஊசி, பல் அடைக்கும் சிமெண்ட் எல்லாம் மாதந்தோறும் வர வேண்டும். இத்தனைக்கும் முதலில் அங்கே ஒரு பல் மருத்துவர் பணியிடம் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலியை நான் பார்த்திருக்கிறேன். திறப்பு விழாக் கல்வெட்டு பளபளப்பாக இருந்தது. அலமாரியில் இருந்த சிமெண்ட் பொடி ஈரம் ஏறிக் கட்டியாகியிருந்தது.

நாற்காலிக்குக் கொடுக்க ஊரில் பத்துப் பேர் முன்வருகிறார்கள், அரசும் ஒதுக்குகிறது. ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் பொருளுக்குத்தான் கொடுப்பார் இல்லை. நோயைத் தடுப்பவை அந்தப் பொருள்கள்தான். உலக சுகாதார அமைப்பு 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃப்ளோரைடு பற்பசையையும், சொத்தையை நிறுத்தும் சில்வர் டயமைன் ஃப்ளோரைடையும், பல் அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்டையும் சேர்த்தது. மூன்றையும் பள்ளித் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டுப் பயன்படுத்தலாம். சில்வர் மருந்து பட்ட சொத்தை கறுத்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தேவகோட்டை வாசகர்: கொடுக்க வருகிறவரைத் தடுப்பது நியாயமா? நாற்காலி கண்ணுக்குத் தெரியும். பற்பசைக்கும் சிமெண்டுக்கும் கொடுத்த பணம் எங்கே போனது என்று யார் கணக்குச் சொல்வார்கள்? எங்கள் குடும்பம் ஒரு முறை இப்படிக் கொடுத்து ஏமாந்திருக்கிறது.

ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கணக்கு இல்லாத இடத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அதற்காகப் பயன்படாத பொருளை வாங்கி வைத்தால் பணம் பத்திரமாகிவிடுமா? ஓடாத நாற்காலியில் முடங்கியதும் தொலைந்த பணம்தான்.

கணக்குக்கு வழி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் உண்டு. அதன் வங்கிக் கணக்கில் காசோலையாகச் செலுத்துங்கள். இன்ன பொருளுக்கு என்று கடிதத்தில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இருப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள்.

பள்ளத்தூர், கோயில் டிரஸ்ட் பொருளாளர்: தேவகோட்டை அன்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நம் முன்னோர் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கு ஒதுக்கியதே ஆண்டுதோறும் வரும் செலவுக்காகத்தான். ஊரணி வெட்டியவர்கள் தூர் வாரவும் பணம் வைத்தார்கள். வட்டியிலிருந்து பற்பசை வாங்கினால் என்ன குறை?

நான் எழுத நினைத்ததை நீங்கள் எழுதிவிட்டீர்கள். முதல் தொகை வங்கியில் அப்படியே இருக்கட்டும், வட்டி மட்டும் செலவாகட்டும். இப்படிச் செய்தால் கொடுத்தவர் பேரும் நாற்காலியின் ஆயுளைவிட நீண்ட காலம் நிற்கும்.

காரைக்குடி வாசகர்: எல்லாவற்றையும் தனவான்கள் கொடுத்துவிட்டால் அரசு எதற்கு? வரி கட்டுகிறோமே. இப்படிக் கொடுத்துக் கொடுத்தே அரசைச் சோம்பேறியாக்கிவிட்டீர்கள்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நன்கொடை இருக்கும் ஊரில் பல் இருக்கும், இல்லாத ஊரில் இருக்காது என்ற நிலை அநியாயம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்குப் பின்தெருவில் இருக்கும் குழந்தைக்கும், வாரிசுகள் யாரும் வெளிநாடு போகாத மானாமதுரைப் பக்கத்துக் குழந்தைக்கும் ஒரே அளவு உரிமை இருக்கிறது. அதை அரசால் மட்டுமே தர முடியும். ஸ்காட்லாந்து அரசு மழலையர் பள்ளிகளில் பிள்ளைகளைத் தினமும் பல் துலக்க வைக்கும் திட்டத்தைத் தன் பணத்தில் நடத்துகிறது. எட்டாவது ஆண்டளவில், குறைந்துபோன சிகிச்சைச் செலவு, திட்டச் செலவைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். அரசுக்கே லாபமான வேலை இது.

ஆகவே நன்கொடை கொடுக்கும்போதே, இத்தனை ஆண்டு நாங்கள் நடத்துகிறோம், பிறகு உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுதுங்கள். முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

இந்த வாதம் பற்றி இன்னும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிப் பேர் பற்பசைக் கம்பெனிக்கு வியாபாரம் பிடித்துத் தருகிறேன் என்கிறார்கள். எந்தக் கம்பெனிப் பேரையும் நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. உறையில் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) அளவில் எழுதியிருந்தால் போதும். நம் நாட்டில் அதற்கு மேல் சேர்க்கச் சட்டம் இடம் தராது. மூலிகை என்று எழுதிய பல பசைகளில் ஃப்ளோரைடு இருப்பதில்லை.

சாக்கோட்டை ஒன்றியம், தொடக்கப்பள்ளி ஆசிரியை: எங்கள் பள்ளியில் 60 பிள்ளைகள். குழாயடி சிறியது. தினமும் பல் துலக்க வைக்க முடியுமா? எவ்வளவு செலவாகும்?

இதைக் கேட்டதற்கு நன்றி அம்மா. கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பட்டாணி அளவு, அதாவது கால் கிராம் பசை. 60 பேருக்கு நாளொன்றுக்கு 15 கிராம். 200 பள்ளி நாளுக்கு 3 கிலோ. 100 கிராம் டியூப் முப்பது வாங்கினால் போதும். டியூப் 70 ரூபாய் என்றால் 2,100. பிரஷ் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு மூன்று. 180 பிரஷ் 15 ரூபாய் வீதம் 2,700. மொத்தம் 4,800 ரூபாய். கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுதோறும் கட்டுப்பாடற்ற நிதியாக 10,000 ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேசுங்கள். குழுவில் தீர்மானம் போட்டால் இதற்குச் செலவழிக்கலாம்.

குழாயடி தேவையே இல்லை. மதிய உணவுக்குப் பின் வரிசையாக முற்றத்தில் நிற்கட்டும். பசையை நீங்களே வையுங்கள். இரண்டு நிமிடம் துலக்கி, நுரையை மண்ணில் வெட்டிய குழியில் துப்பட்டும். வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க விடாதீர்கள். கொப்பளித்தால் மருந்து போய்விடும். பிரஷ்களில் பேர் எழுதி, ஒன்றோடொன்று முட்டாமல் நிற்க வையுங்கள்.

முதல் வகுப்புப் பிள்ளைகளைக் கூடுதலாகக் கவனியுங்கள். ஆறு வயதில் கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதற்காக எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. அதனால் பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்து, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதைப் பிடுங்க வேண்டி வந்தபோதெல்லாம் எனக்கு மனம் ஆறியதில்லை.

கல்லல் வாசகர்: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. நீங்களோ ஃப்ளோரைடு பசை போடச் சொல்கிறீர்கள்.

அந்தக் கறை தண்ணீரில் மிகுந்த ஃப்ளோரைடால் வந்திருக்கலாம். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் சோதித்துத் தரும். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரம். மிகுந்தால் மாற்று நீர் தர வேண்டும். அதற்குக் குடிநீருக்கென்று வரையறுக்கப்பட்ட மானியத்தையே கேட்கலாம். கூட்டுக் குடிநீர் வருகிற ஊரில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதையே பிடியுங்கள். பசை துப்பும் பொருள், தண்ணீர் விழுங்கும் பொருள். துப்பத் தெரிந்த பிள்ளைக்குப் பட்டாணி அளவு பசையால் கறை வராது.

தேவகோட்டை வாசகி: பல் செட்டுக்கு அரசு உதவி உண்டா?

மேலே பதில் இருக்கிறது.

கொத்தமங்கலம் வாசகி: எங்கள் ஆயா வெற்றிலை பாக்கு மட்டும்தான் போடுவார், புகையிலை கிடையாது. பயம் இல்லையே?

பயம் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. புகையிலை சேராவிட்டாலும் அதே தீர்ப்புதான். ஆயாவின் வாய்க்குள் அவருடைய மூன்று விரல்கள் செங்குத்தாகப் போகின்றனவா என்று பாருங்கள். போகாவிட்டாலும், வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும் உடனே அழைத்துப் போங்கள். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு நிலையங்களில் வாய்ப்பரிசோதனைக்குக் காசு இல்லை.

புதுவயல் இளைஞர் மன்றம்: ஒரு நாள் இலவசப் பல் முகாம் நடத்தி 300 பேருக்குப் பல் எடுக்கத் திட்டம். நகராட்சி, பேரூராட்சி நிதி கிடைக்குமா?

கிடைக்கக்கூடாது. 300 பேருக்குப் பல் எடுக்க எத்தனை கிருமி நீக்கிய கருவித் தொகுப்பு வைத்திருக்கிறீர்கள்? மாலையில் இரத்தம் நிற்காவிட்டால் முகாமில் பல் எடுத்துக்கொண்ட கிழவி யாரிடம் போவார்? பெஞ்சில் உட்கார வைத்துப் பல் பிடுங்கி, படம் எடுத்துப் போடும் முகாமை நான் எங்கே கண்டாலும் எதிர்ப்பேன். முகாம் நடத்தத்தான் வேண்டும் என்றால் பரிசோதனை மட்டும் செய்யுங்கள். சீட்டு வாங்கியவர்களை அடுத்த மாதம் மருத்துவமனைக்கு வண்டி வைத்து அழைத்துப் போங்கள். அந்த வண்டிச் செலவுக்கு நிதி கேளுங்கள், நானே பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகிறேன்.

காரைக்குடி: வேர் சிகிச்சைக்குத் தனியாரில் எவ்வளவு வாங்கலாம்?

இது இங்கே பேசும் விஷயம் இல்லை.

ஆறாவயல்: பல் செட்...

இல்லை ஐயா. மேலே பாருங்கள்.

மீண்டும் கானாடுகாத்தான், சிங்கப்பூர்: வீட்டில் பேசினோம். நாற்காலி வேண்டாம் என்று அப்பச்சியே சொல்லிவிட்டார். பத்துப் பள்ளிகளுக்குப் பற்பசையும் பிரஷும் என்றால் எப்படித் தொடங்குவது?

அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அறுபது பிள்ளைகள் வீதம் பத்துப் பள்ளி என்றால் ஆண்டுக்கு 48,000 ரூபாய். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தர ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று 2022 டிசம்பரில் ஒரு வழி திறந்தார்கள். அதன் மூலம் செலுத்தினால் ரசீதும் கணக்கும் இருக்கும். எந்தப் பள்ளிகள் என்பதை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சாலையோரம் இருக்கும் பள்ளிகளையே பொறுக்க வேண்டாம். தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்ட பள்ளியில் மட்டும் தொடங்குங்கள். தினமும் நடத்தப்போவது அவர்தான். ஜூனில் பள்ளி திறக்கும்போது பொருள் வந்திருக்க வேண்டும் என்றால் ஏப்ரலிலேயே கடிதம் போக வேண்டும். நகலில் முத்திரை வாங்க ஊரில் யாரையாவது இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.