மகள் மூலிகை ஆராய்ச்சிக்குப் போகட்டுமா?

அம்மா, நீங்கள் எழுதியது இரண்டே வரி. மகள் மூலிகையிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், வேலை கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் அவள் மனதில் நினைத்திருக்கும் வேலைதானா அது என்பது வேறு விஷயம். ஆலோசகராவதற்கு முன் சில வருடம் இதே துறையில் கை நனைத்தவன் என்பதால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

பிள்ளைகளை இந்தப் பக்கம் இழுப்பது பெரும்பாலும் சீனாவின் து யூயூ கதை. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினைக் கண்டறிந்ததற்காக 2015இல் நோபல் பரிசு பெற்றவர். செடியைக் காய்ச்சினால் பலன் நிலையாக இல்லை. காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லும் பழைய மருத்துவக் குறிப்பைப் படித்தபோதுதான், சூடே மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குப் பொறி தட்டியது. குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானுக்கு மாறினார். 1971இல் சாறு வேலை செய்தது; அடுத்த வருடம் படிகம் கிடைத்தது. அருமையான கதைதான். ஆனால் அதைக் கேட்டு வருகிறவர்களுக்கு ஆய்வகத்தின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று யாரும் சொல்வதில்லை.

நான் சொல்கிறேன். முதலில் அது எந்தச் செடி என்று தாவரவியலாளர் உறுதிசெய்து, ஒரு மாதிரியை ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைச் சேமிக்கும் காப்பகத்தில், வைத்து எண் போட வேண்டும். இதைத் தவறவிட்டால் பிறகு செய்வதெல்லாம் வீண். உலர்ந்த இலைத்தூளை மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டர் என்ற சுழலும் கருவியில் கரைப்பானை ஆவியாக்கி ஓட்டிவிட்டால் தார் போன்ற கரும்பச்சைக் குழம்பு மிஞ்சும். அதைச் சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில், ஆய்வகத்தில் ‘காலம்’ (column) என்பார்கள், அதில் ஏற்றி, சொட்டுச் சொட்டாக இறங்குவதை வரிசையாகச் சோதனைக் குழாய்களில் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு புள்ளியை, கலவையின் சேர்மங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் வைத்து, புறஊதா விளக்கில் பார்த்து, ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து, மறுபடியும் ‘காலத்தில்’ ஏற்ற வேண்டும். சாப்பிடப் போன நேரத்தில் அந்தக் குழாய் வறண்டுபோனால் சிலிக்கா வெடிப்பு விட்டு, அன்றைய உழைப்பு போச்சு. பல வாரம் கழித்துச் சின்னக் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொண்டு சில மில்லிகிராம் கிடைக்கும். அது பாதி நேரம் பீட்டா சைட்டோஸ்டீராலாக இருக்கும். எந்தச் செடியைத் தொட்டாலும் முதல் ஆளாக வந்து நிற்கும் சேர்மம் அது!

என் சொந்தக் கூத்து ஒன்று. இரண்டு மாத உழைப்பில் நிறமற்ற எண்ணெய் ஒன்று கிடைத்தது. புதுச் சேர்மம் என்று இனிப்பு வாங்காத குறை. மூலக்கூறையும் அதன் துண்டுகளையும் எடைவாரியாகக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்த சீனியர், 149 என்ற எடையில் ஓங்கி நின்ற சிகரத்தைக் காட்டிச் சிரித்தார். பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட் அது. நான் பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாயிலிருந்து கரைந்து வந்திருக்கிறது. செடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தச் சீனியரின் கண்ணுக்குத்தான் அம்மா, சம்பளம். முன்பெல்லாம் ஒரு சேர்மத்தின் அமைப்பைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அபினிலிருந்து பிரித்த வலிநீக்கியான மார்ஃபின் பற்றி ஜெர்மன் மருந்தாளர் செர்ட்யூர்னர் 1817இல் விரிவாக எழுதினார். அதன் மூலக்கூறு அமைப்பை ஆங்கிலேய வேதியியலாளர் ராபின்சன் முன்வைத்தது 1925இல். நூறு வருடத்துக்கு மேல்! இன்று மூலக்கூறில் அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று காட்டும் என்எம்ஆர், மாஸ் ஸ்பெக்ட்ரம் இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவர், சுத்தமான மாதிரி கையில் இருந்தால், பெரும்பாலும் சில நாட்களில் அமைப்பைச் சொல்லிவிடுவார். மருந்துத் தயாரிப்பில் எட்டிப்பார்க்கும் மாசு எது, வாசனைத் தைலத்தில் கலப்படம் உண்டா, விளையாட்டு வீரரின் சிறுநீரில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் இடங்களிலெல்லாம் இதே ஆள் தேவை. மூலிகையை மட்டுமே நம்பிப் படித்தவருக்கு வாசல் குறைவு. கலவையைப் பிரித்து ஒவ்வொன்றின் எடையையும் காட்டும் எல்சி-எம்எஸ் கருவியைத் தனியாக இயக்கத் தெரிந்தவருக்கு அப்படி இல்லை.

அதனால் கல்லூரிப் பெயரைவிட ஆய்வகத்தைப் பாருங்கள். சில இடங்களில் சாறு எடுப்பார்கள், டிபிபிஹெச் என்ற ஊதாச் சாயக் கரைசலில் ஊற்றுவார்கள், ஊதா மஞ்சளானதும் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் சக்தி இருக்கிறது என்று கட்டுரை எழுதி முடித்துவிடுவார்கள். இலையைப் பிழிந்தாலே அந்தச் சோதனையில் ஏதோ ஒன்று தேறும். எந்தச் சேர்மம் அதைச் செய்தது என்று தேடாத இடத்தில் ஐந்து வருடம் இருந்தாலும் கைக்கு ஒன்றும் வராது. அங்கே படிக்கும் மாணவர்களிடம், ‘உங்கள் ஸ்பெக்ட்ரத்தை யார் வாசிப்பது?’ என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். ‘வெளியே அனுப்பினால் எழுதித் தந்துவிடுவார்கள்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். கரைப்பான் வாசனை உடம்புக்கு ஆகுமா என்ற பயமும் நியாயமானதே. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டுக்குள் (ஃப்யூம் ஹுட்) வேலை நடக்கிறதா, வெளியே மேஜையில் நடக்கிறதா என்பதை அதே நாளில் பார்த்துவிடலாம்.

இப்போதைக்கு ஒரு சின்ன வேலை. காஃபீனின் அமைப்பையும் அதன் ஹைட்ரஜன்களைக் காட்டும் புரோட்டான் என்எம்ஆர் படத்தையும் இணையத்தில் எடுத்து அவள் முன் வையுங்கள். நான்கே கோடுகள்: மூன்று மெத்தில் (ஒரு கார்பனோடு மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த குழு), தனியாக ஒரு ஹைட்ரஜன். ‘சரி, பார்த்தாச்சு’ என்று மூடிவிட்டால் அவசரப்பட வேண்டாம், இன்னும் ஒரு வருடம் யோசிக்கட்டும். மூன்றும் மெத்தில்தானே, ஏன் வெவ்வேறு இடத்தில் நிற்கின்றன என்று உங்களைப் பிடுங்கி எடுத்தால் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.