வாசகர் கேள்வி – பதில்: அணியை யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி: எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தை நீண்டகாலம் நடத்திவந்த பயிற்சியாளர் உடல்நிலை காரணமாக விலகிவிட்டார். தம்மிடம் ஆடி வளர்ந்த உள்ளூர்க்காரர் ஒருவரையே அமர்த்தும்படி சொல்கிறார். கமிட்டியில் பாதிப் பேரோ, உரிமம் பெற்ற ஒருவரை மதுரையிலிருந்து அழைக்கலாம் என்கிறார்கள். எவரைத் தேர்ந்தெடுப்பது?
– கழகச் செயலாளர் ஒருவர், தங்கச்சிமடம்

பதில்: பெரியவரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள், ஆனால் அதையே தகுதிச் சான்றாகக் கொள்ள வேண்டாம். இங்கிலாந்துக் கழகமான மான்செஸ்டர் யுனைடெட்டை 1986 முதல் 2013 வரை நடத்திய அலெக்ஸ் ஃபெர்குசன் கைகாட்டிய டேவிட் மாய்ஸ், 6 ஆண்டு ஒப்பந்தத்துடன் வந்து, 10 மாதங்கள் நிறைவதற்குள் நீக்கப்பட்டார். இன்னொரு இங்கிலாந்துக் கழகமான லிவர்பூலில் பயிற்சியாளர் பில் ஷாங்க்லி 1974-இல் விலகியபோது, 1939 முதல் அங்கேயே ஆட்டக்காரராகவும், பிறகு காயங்களைக் கவனிப்பவராகவும், துணைப் பயிற்சியாளராகவும் இருந்த பாப் பெய்ஸ்லி பொறுப்பேற்று, 9 பருவங்களில் 6 லீக் பட்டங்களையும் 3 ஐரோப்பியக் கோப்பைகளையும் வென்றார். ஆகவே உங்கள் உள்ளூர்க்காரர் எத்தனை கோல் அடித்தவர் என்பதை விட்டுவிட்டு, பெரியவர் வராத நாள்களில் பயிற்சியை நடத்தியவர் அவர்தானா, அப்போது பையன்கள் வந்தார்களா என்று விசாரியுங்கள்.

மதுரைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு. விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள் கடலுக்குப் போகும் ஊரில், பாதி அணி இல்லாத மாலைகளில் அவர் என்ன சொல்லிக்கொடுப்பார்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் கரையில் இருப்பார்களே, அந்த நாள்களுக்கு அவரிடம் திட்டம் உண்டா? வாரக் கடைசியில் மட்டும் பேருந்தில் வந்துபோகிறவர் என்றால், எவ்வளவு படித்தவரானாலும் உங்களுக்குப் பயன்படமாட்டார். இருவருக்கும் ஆளுக்கொரு வாரம் சிறுவர் அணியைக் கொடுத்து, கமிட்டியார் ஓரமாக நின்று பாருங்கள்.

இதைவிட முக்கியமானது, ஆடும் பதினொருவரை யார் முடிவு செய்வது என்பது. ஜெர்சிக்கும் பந்துக்கும் பணம் கொடுப்பவர் தம் தம்பி மகனை இறக்கச் சொல்லும் வழக்கம் நம் கடற்கரை ஊர்களில் இல்லையென்று எவரும் சாதிக்க மாட்டார்கள். அந்த அதிகாரம் பயிற்சியாளருக்கே என்று முதலில் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுத மனமில்லையென்றால், யாரை அமர்த்தினாலும் ஒன்றுதான். பயிற்சி நடத்திப் பழகியவராக இருந்தால் உள்ளூர்க்காரருக்கே என் வாக்கு; இல்லையேல் மதுரைக்காரரை அழைத்து, இவரைத் துணையாக வையுங்கள்.

கேள்வி: பயிற்சியாளருக்கு உரிமம் கட்டாயம் வேண்டுமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: ஊர்ப் போட்டிகளுக்கு வேண்டியதில்லை, ஆனால் இருப்பது நல்லது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி உரிமத்துக்கு மேலே சி, பி, ஏ, புரோ எனப் படிகள் உண்டு. நல்ல உள்ளூர்க்காரர் கிடைத்தால், டி உரிமப் பயிற்சிக்கான கட்டணத்தைக் கழகமே கட்டலாம். கோப்பைக்கு வரவேற்பு வளைவு வைக்கும் செலவைக் குறைத்தாலே போதும்.

கேள்வி: புதியவர் வந்ததிலிருந்து தோல்விதான். மாற்றிவிடலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டில் பொறுப்பேற்ற ஃபெர்குசனுக்கே அங்கே முதல் கோப்பை 1990-இல்தான் கிடைத்தது. தோற்றாலும் பையன்கள் பயிற்சிக்கு வருகிறார்கள் என்றால் ஒரு பருவம் முழுவதும் விடுங்கள். வருவதையே நிறுத்திவிட்டார்கள் என்றால் அடுத்த ஆட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.